அவசரம் இல்லை என்றாயே

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ குளித்துக்கொண்டிருந்தபோது, குளியலறைக் கதவோரம் போனை நீட்டிப் பிடித்தபடி நின்றது நான்தான். இத்தனை வயதுப் பிள்ளை குளிக்கிற இடத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்பாய். வேலை இருந்தது. நீ உள்ளே தனியாகவா குளிக்கிறாய்? ஒரு சொம்பு தண்ணீருக்கு நம் ஊர்ப் பால் சென்டர் செக்ரட்டரி பேசுகிறார். அடுத்த சொம்புக்கு நகரி பஸ் கண்டக்டர். அதற்கடுத்த சொம்புக்கு டிவியில் தெலுங்குச் செய்தி வாசிக்கிற பெண். செக்ரட்டரி அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். "அதாவது..." என்று ஆரம்பித்து, அவருடைய அந்த ரெண்டு இருமலையும் இருமி, "எல்லாரும் கேளுங்க. நாளைக்குக் காலைல வண்டி வராது. பாலு எத்துக்கினு வராதீங்க. அதாவது... வராதீங்க" என்றார். இதை விட்டால் எப்போது பிடிப்பது என்று, அவர் ஆரம்பித்ததிலிருந்து முழுசையும் ரெக்கார்டு பண்ணி முடித்துத்தான் பட்டனை விட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் எதிர் வீட்டுக்காரி துணி காயப்போட வந்தாள்.

"இன்னாக்கா, செக்ரட்டரி உங்க வூட்டுலயா குளிக்கறாரு?"

"இல்லடி, எம் புள்ள."

"குரலு அவுருது மாதிரி கீதே."

"புள்ளதான்டி. எம் புள்ள."

"சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த துணியைக் கொடியில் போடாமலே திரும்பிப் போய்விட்டாள். அவள் போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னால் எனக்குக் கிடைத்த பேரை எல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து சொல்கிறேன்.

இதை நேரில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நேரில் பேசினால் நீ என்னையே எடுத்துப் பேசுவாய். போன முறையும் அதுதான் நடந்தது. நான் இடுப்பில் கை வைத்து, "இன்னாடா நெனச்சிக்கினு கீற நீ?" என்று ஆரம்பித்தேன். நீயும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அதே குரலில், அதே இழுப்பில், மூக்கால் விடுகிற மூச்சைக்கூட விட்டுவிடாமல், "இன்னாடா நெனச்சிக்கினு கீற நீ?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எங்கே திட்டுவது? திட்டுகிறவளுக்குத் தன் குரல் முதலில் தனக்காவது வேண்டும். அதனால்தான் பேப்பர். பேப்பருக்கு இழுப்பும் கிடையாது, மூச்சும் கிடையாது. இதை நீ பேசிக் காட்ட முடியாது. படித்துத்தான் ஆகவேண்டும்.

படிப்பதும் உனக்கு லேசில்லை என்று தெரியும். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள். நீ தெலுங்கில் படித்து டிகிரி வாங்கினவன். பஸ்ஸில் தமிழ் போர்டு வந்தால் "அம்மா, இது இன்னா எழுத்து?" என்று என்னைக் கேட்கிற பெரிய படிப்பாளி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நல்லது, மெதுவாகவே படி. வேகமாகப் படித்தால் நீ எதையும் மண்டையில் ஏற்றுவதில்லை. கவரை நான் ஒட்டவில்லை. நீ வேலை பார்க்கிற கடைக்குத் திருப்பதி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். எனக்கு ஒருத்திக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கிறவன், நாலு பேர் கேட்டால் என்ன செய்வாய் என்று பார்க்கிறேன்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நம் வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. அதன் கன்று பிறந்து கொஞ்ச நாளில் செத்துப்போனது. கன்று முட்டினால்தானே மடி இறங்கும்? அது பாலை மேலே இழுத்துக்கொண்டு விட்டது. உன் நைனா வைக்கோலால் ஒரு கன்று கட்டிக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார். பசு அதை மோந்து பார்த்து, பசிக்கிறதே என்று அதிலிருந்தே ரெண்டு வாய் பிடுங்கித் தின்றது. நான் சொம்பை வைத்துக்கொண்டு மடிக்குக் கீழே உட்கார்ந்தபடி அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்று கத்தியது. செத்துப்போன கன்றுதான். பசு காதை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தது, உள்ளேயிருந்து ஒரு மாதிரி முனகியது, என் கையில் காம்பு கனத்தது. எட்டிப் பார்த்தால் நீ. டவுசர் பாக்கெட்டில் பொரியை வைத்துக்கொண்டு, வாயைக் குவித்துக்கொண்டு நிற்கிறாய். யாரும் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பசு பால் தராமல் நான் கஷ்டப்பட்டேன் என்று நீ கத்தினாயா, கன்றைத் தேடிப் பசு கஷ்டப்பட்டது என்று கத்தினாயா, அது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் "சும்மாதாம்மா" என்பாய்.

அந்த "சும்மாதாம்மா"வில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது. உனக்கு வருகிற எதுவும் உனக்குச் சும்மாதான். ஊரில் எல்லோருக்கும் ரெண்டு பாஷை வருமாம், அதனால் உனக்கு வருவதும் பெரிதில்லையாம். எனக்கும்தான் ரெண்டு பாஷை வருகிறது. புத்தூர் சந்தையில் நான் தெலுங்கில் பேரம் பேசினால், கடைக்காரன் பரிதாபப்பட்டுத் தமிழுக்கு வந்துவிடுகிறான். அதுவும் நீ பேசுவதும் ஒன்றா? நீ தெலுங்கு பேசினால் தெலுங்குக்காரர்கள் எந்த ஊர் என்று கேட்பதில்லை, எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.

இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோடு உன்னைக் கூப்பிடுவேன். "டேய், இங்க வா. அந்த கரண்டு ஆபீஸ்காரு மாதிரி பேசிக் காட்டு." நீ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். "பேசுடா, மாமா கேக்குறாருல்ல." நீ பேச மாட்டாய். வந்தவர்கள் "பரவால்ல வுடுங்க, புள்ள கூச்சப்படுது" என்பார்கள். எனக்கு மானம் போகும். அவர்கள் தெரு முனை திரும்பும் முன்னால், வந்த மாமா முறுக்குத் தின்கிற சத்தத்திலிருந்து விடைபெறுகிற சத்தம் வரைக்கும் அப்படியே பேசிக் காட்டுவாய், எனக்கு மட்டும். அப்போது எனக்கு ஆத்திரமாக வரும். இப்போது யோசித்தால், முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் உன்னையும் ஒரு தட்டாகத்தான் வைத்திருக்கிறேன் என்று தெரிகிறது. முறுக்குக்குத் தன்னைப் பற்றி என்ன பெரிய எண்ணம் வரும்? சரி, அதற்கு இப்போது தண்டனை அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாராயணவனம் கோயில் திருவிழாவுக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் இல்லை. மைக் செட் போட்டவன் உன் கூடப் படித்தவன் என்று நீ அவன் பந்தலில் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் வளையல் கடையில் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் யாரோ ஒரு சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மைக் பந்தலில் விட்டார்கள். கூட்டத்தில் தொலைந்த பெண் குழந்தை. பேர் கேட்டால் அழுகிறது, ஊர் கேட்டால் அழுகிறது. தமிழில் கேட்டார்கள், தெலுங்கில் கேட்டார்கள், பிஸ்கட் காட்டினார்கள். உன் நண்பன் மைக்கில் "சிகப்பு கவுன் போட்ட குழந்தை, சிகப்பு கவுன் போட்ட குழந்தை" என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். திருவிழாவில் பாதிக் குழந்தைகள் சிகப்பு கவுன்தான். நீ அதன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாயாம். காக்கா மாதிரி கத்தினாயாம். அது அழுகையை நிறுத்திப் பார்த்ததாம். பிறகு அது அழுத மாதிரியே நீ அழுதாயாம், விக்கலோடு. அது உன்னை ஒரு அடி அடித்துவிட்டுச் சிரித்ததாம். இதெல்லாம் உன் நண்பன் பிறகு சொன்னது. எனக்குத் தெரிந்தது அடுத்து நடந்ததுதான்.

ஒலிபெருக்கியில் ஒரு குழந்தை பேசியது. "அம்மா, நேனிக்கட உன்னா. ரா அம்மா." நான் இங்கே இருக்கிறேன், வா அம்மா. அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. அழுது முடித்துக் களைத்த குழந்தையின் குரல். வளையல் கடை அப்படியே நின்றுபோயிற்று. குழந்தையைத் தொலைத்தவள் ஓடினாள், அது நியாயம். குழந்தையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்த ரெண்டு மூன்று பேர் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஒரு கையில் போட்ட வளையலும் போடாத வளையலுமாக, கடைக்காரன் "அம்மா, அம்மா" என்று பின்னால் கூப்பிட, ஓடினேன். பந்தலுக்கு வந்து பார்த்தால், மைக்கைப் பிடித்துக்கொண்டு மீசை வைத்த என் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, நீ ஏன் ஓடியாந்த?" என்று கேட்டாயே, என்னத்தைச் சொல்வது? நீ தொலைந்துபோய்விட்டாய் என்று ஓடிவந்தேன் என்றா?

அங்கேதான் அந்தச் சென்னைக்காரர் வந்தார். சாமி கும்பிட வந்தவர். அவரும் குரலைக் கேட்டு வந்தவர்தான். குழந்தைகள் பார்க்கிற பொம்மைப் படங்களை ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றிக் குரல் கொடுக்கிற இடத்தில் வேலையாம். "தம்பி, தமிழும் தெலுங்கும் இப்படித் தாய்மொழி மாதிரி பேசறவங்க எங்களுக்குக் கிடைக்கறதே இல்ல. ரெண்டு நிமிஷம் ஏதாவது பேசி எனக்கு அனுப்புங்க. அப்புறம் ஒரு நாள் நேர்ல வந்து மைக் முன்னாடி நில்லுங்க, பாத்துடலாம். ஆள் எடுக்கிறாங்க, இந்த மாசம் முடியறதுக்குள்ள வந்துடுங்க" என்றார். நீ தலையை ஆட்டினாய். நம்பரை நான்தான் வாங்கி என் போனில் போட்டுக்கொண்டேன். பேர் மறந்துபோகும் என்று "பாப்பா புரோகிராம்" என்று போட்டுவைத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீ திருப்பதியிலிருந்து வருகிறாய், நான் கேட்கிறேன். "அனுப்சியாடா?" "இல்லம்மா." "எப்ப அனுப்புவ?" "அவசரம் இல்லம்மா." நானும் சரி, பிள்ளை நிதானமாகச் செய்கிறான், நாலு வாட்டி பேசிப் பார்த்து நல்லதாக ஒன்றை அனுப்புவான் என்று இருந்தேன். உன் நைனாவிடமும் அப்படியே சொன்னேன். "அவசரம் இல்லன்றான், மெதுவா செய்வான்." அவரும் தலையை ஆட்டினார். நம் வீட்டில் தலையாட்டுவதற்கு மட்டும் குறைச்சலே இல்லை.

போன வாரம் நான் திருப்பதிக்கு வந்தேனே, நீ வேலை செய்கிற மோட்டார் பம்பு கடைக்கு. கருவாட்டுக் குழம்பு எடுத்துவந்ததால் கடையில் எல்லோரும் மூக்கைத் தூக்கினார்கள், அது வேறு. நான் பம்புகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உன் முதலாளி உள்ளேயிருந்து கேட்டார். "ஏம்ரா, மெட்ராஸ் வெள்ளாலன்னாவு கதா, லீவு காவாலா?" மெட்ராஸ் போகவேண்டும் என்றாயே, லீவு வேண்டுமா என்று நல்ல மனசோடு அவரே கேட்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ பில் மிஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அவசரம் லேது சார்" என்றாய். அவர் "சரே" என்றார். இன்னொரு பையனைக் கூப்பிட்டு, "நுவ்வு வெள்ளு", நீ போ என்று அவனுக்கு லீவு கொடுத்துவிட்டார். முடிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு என்னவோ குறுகுறு என்று இருந்தது. புத்தூரில் பஸ் நின்றது. வேர்க்கடலை விற்கிறவன் ஜன்னலோரம் வந்து பொட்டலத்தை நீட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தெலுங்குக்காரி. "அவசரம் லேது" என்று அவனைப் பார்க்காமலே சொன்னாள். அவன் போய்விட்டான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த அம்மாள் நாளைக்கு வாங்குவாளா? மாட்டாள். மெதுவாக வாங்குவாளா? மாட்டாள். அவளுக்கு வேண்டாம்.

அடப்பாவி! தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அது எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து ரெண்டு அர்த்தமும் தெரியும். எந்த வாயிலிருந்து எந்த அர்த்தம் வருகிறது என்று பார்க்கத்தான் தெரியவில்லை. நீ பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கு. உன் அவசரம் பள்ளிக்கூடத்து அவசரம். தமிழில் வாயசைத்துத் தெலுங்கில் சொல்லியிருக்கிறாய். நிதானமாகச் செய்வான் என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன், நீயோ தேவையே இல்லை என்று அன்றைக்கே பூட்டிவிட்டுப் போய்விட்டாய். பூட்டின கடைக்கு முன்னால் நான் வரிசையில் நின்றிருக்கிறேன். வீடு வந்து உன் நைனாவிடம் சொன்னேன்.

"அவன் மெதுவா செய்றேன்னு சொல்லலய்யா. வாணாம்னு சொல்லிக்கினு கீறான்."

"அப்பிடியா சொன்னான்?"

"இத்தினி நாளா அதத்தான் சொல்லிக்கினு கீறான். நமக்குத்தான் வெளங்கல."

அவர் "வேர்க்கடலை மாதிரிதான்டி" என்றார். உனக்குத் தெரியுமே, அவருக்கு எல்லாமே வேர்க்கடலை மாதிரிதான். ஆட்சி மாறினாலும் வேர்க்கடலை, யார் வீட்டில் சண்டை வந்தாலும் வேர்க்கடலை. நான் எழுந்து போகப் பார்த்தேன். ஆனால் இந்த வாட்டி சரியாகச் சொன்னார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "மேல பாத்தா வெறும் செடிதான். உள்ள காய் கீதுன்னு அதுக்கே தெரியாது. பதம் தப்பி வுட்டுட்டு, அப்புறம் ஒரு மழ பேஞ்சிச்சினா, மண்ணுக்குள்ளயே மொளச்சிப் பூடும். அப்புறம் புடுங்கினா தழதான் கைக்கு வரும்." சொல்லிவிட்டு எழுந்து படுக்கப் போய்விட்டார். உன்னிடம் இதைச் சொல்லச் சொன்னால், "எனக்கெதுக்கு, அவனுக்கே தெரியும்" என்பார். ஒரு வீட்டில் ரெண்டு ஆம்பிளைகள், ரெண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, திறக்கத்தான் ஆள் வைக்க வேண்டும்.

போன ஞாயிறு நீ வந்ததும் நேராகவே கேட்டேன். அப்போதாவது வாயைத் திறந்தாய். "அதெல்லாம் அடுத்தவங்க குரலும்மா. செக்ரட்டரிது, கண்டக்டர்து, உன்னுது. எனக்குன்னு இன்னா கீது அதுல? என்னை மைக் முன்னாடி நிறுத்தி, நீ பேசுன்னா நான் இன்னா பேசறது?" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாய். போனவன் செக்ரட்டரியாக ஆரம்பித்தாய். அதனால்தான் கதவோரம் நின்றேன். சிரித்துக்கொண்டு நிற்கவில்லை, கோபத்தில் நின்றேன். எனக்கு எப்போதும் பதில் பாத்திரம் கழுவும்போதுதான் வரும். இந்த வாட்டி ரெண்டு நாள் பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்த வருஷம் மழை பொய்த்தது. வீட்டில் அரிசி கொஞ்சம் இழுபறி. ஒரு நாள் நீ சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பேசிக் காட்டினாய். திட்டுகிற அம்மாவை இல்லை. "எனக்கு ஒண்ணும் பசிக்கல, நீ துன்னு" என்று சொல்கிற அம்மாவை. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் லேசாக ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேனாம், சொல்லி முடித்ததும் முந்தானையைச் சரிசெய்வேனாம். குரல், மூச்சு, முந்தானை, எல்லாம் நீ செய்தாய். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை வருஷம் கூட வாழ்கிற உன் நைனாவுக்குத் தெரியாது அது. எனக்கே தெரியாது. உன் காதுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாளிலிருந்து நீ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, "போதும்மா, காலேஜ்ல துன்னுட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தாய். அதைச் சொல்வதற்கு முன்னால் நீயும் ஒரு மூச்சு இழுத்தாய். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது சொல், அது யாருடைய குரல்? கிளி கூடத்தான் நான் பேசுவதைத் திருப்பிச் சொல்லும். கிளி சோற்றை மீதம் வைக்குமா? ஒருத்தர் தொண்டையைப் பார்த்து அவர் வயிற்றைக் கண்டுபிடிக்கிறாய் நீ. பசுவுக்குக் கன்று வேண்டும் என்று தெரிந்து கன்றாகக் கத்தினாய். தொலைந்த குழந்தை எப்படிக் கூப்பிட்டால் பெற்றவள் கால் தானாக ஓடும் என்று தெரிந்து கூப்பிட்டாய். அந்தக் காது உன்னுடையது. அதை யாரிடமிருந்தும் நீ வாங்கவில்லை. என்னிடமிருந்து நிச்சயமாக இல்லை, நான் பேசிக்கொண்டே இருப்பவள், எனக்குக் கேட்க நேரமில்லை. உனக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்கிறாயே, உனக்கு இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடச் சொல்கிறாய். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவளின் பிள்ளை வேறு எப்படி இருப்பான்!

நீ பெரிய ஆளாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மோட்டார் கடை கேவலம் என்றும் சொல்லவில்லை. உன் முதலாளி நல்லவர், பம்பு வாங்க வருகிறவர்களுக்குப் பில் போட ஒரு ஆள் வேண்டும்தான். ஆனால் பில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உன் முகத்தை நான் பார்த்தேன். குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிற முகம் அது இல்லை. குளிக்கிற நேரத்தில் மட்டும் உயிரோடு இருப்பதென்றால், திருப்பதியில் இருக்கிற தண்ணீர்க் கஷ்டத்துக்கு அது நடக்கிற காரியமா? நீ போய் மைக் முன்னால் நின்று, அவர்கள் "வேணாம் தம்பி" என்று சொல்லட்டும். நான் ஏற்றுக்கொள்கிறேன். அவர்கள் சொல்லும் முன்னால் நீயே உனக்கு "வேணாம் தம்பி" என்று சொல்லிக்கொள்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சென்னைக்குப் போக உண்மையிலேயே உனக்கு விருப்பம் இல்லை என்றால், அதையும் சொல்லலாம். ஆனால் அவசரம் என்கிற வார்த்தை வேண்டாம். அது எல்லையில் நிற்கிற வார்த்தை, அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று ரெண்டு பக்கமும் பொய் சொல்கிறது. "எனக்குப் பயமா கீதும்மா" என்று சொல். "எனக்குப் புடிக்கலம்மா" என்று சொல். செக்ரட்டரி குரலில் இல்லை, என் குரலில் இல்லை. அது எந்தக் குரலாக இருந்தாலும் சரி, உடைந்தாலும் சரி, நான் கேட்டுக்கொள்கிறேன். மைக் முன்னால் என்ன பேசுவது என்று கேட்டாயே, அந்தப் பயத்தையே பேசு. அதைவிட நன்றாக உனக்கு வேறு எது வரும்? மாசம் முடியப் போகிறது. உன் பாஷையில் சொன்னால் இது அவசரம். என் பாஷையிலும் அவசரம்.

இதை நேற்றோடு முடித்திருப்பேன். முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. நீ அனுப்பாவிட்டால் என்ன, குளியலறையில் பிடித்தது என்னிடம் இருக்கிறதே, அதை நானே அந்தச் சென்னைக்காரருக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று. கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. "பா" என்று போட்டேன். பேர் வந்தது. முதல் பேரை அமுக்கி அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் கண்ணாடி கிடைத்ததும் பார்த்தேன். பாப்பா புரோகிராமுக்குப் போகவில்லை. பால் சென்டர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிருந்தது. சரி, சாமியே தடுத்துவிட்டது, அனுப்ப வேண்டியவன் அனுப்பட்டும் என்று அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். சென்னைக்காரருக்கு நான் எதையும் அனுப்பவில்லை. அது உன் வேலை.

இன்று காலை பால் சென்டருக்கு யாரும் பால் கொண்டுவரவில்லை. என் போனிலிருந்து செக்ரட்டரி எப்படிப் பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் நம் வீட்டில் குளிக்கிற விஷயம் எதிர் வீட்டுக்காரி வழியாக ஊருக்கு ஏற்கனவே தெரியுமாம். பின்னால் கேட்ட தண்ணீர்ச் சத்தத்தை மழை என்று நினைத்து, இவ்வளவு மழையில் வண்டி எப்படி வரும் என்று பேசிக்கொண்டார்களாம். வண்டி நேரத்துக்கு வந்தது. சென்டர் வாசலில் நின்றது. செக்ரட்டரியும் இல்லை, சென்டர் பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துவிட்டுக் காலியாகப் பிச்சாட்டூர் பக்கம் போயிற்று. நான் செக்ரட்டரி வீட்டுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் ரெண்டு இருமல் இருமினார். "அதாவது... வண்டி வராதுன்னு நேத்தே நான்தான் குரூப்புல சொல்லிட்டேனேம்மா" என்றார்.